கூரைக்கு மேலே சூரியன், கூரைக்குக் கீழே பதினெட்டு டிகிரி

1

"சார், சோலார் போட்டுக் குடுத்தீங்கள்ல? அப்புறம் ஏன் சார் கரண்ட் இல்ல?"

மே மாதம், மதியம் இரண்டு மணி. தொலைபேசியில் ஒரு தாலுகா அலுவலகத்தின் இளநிலை உதவியாளர். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. தலைக்கு மேலே இருபது கிலோவாட் சூரிய மின்பலகை. ஊரில் மின்வெட்டு. ஃபேன் ஓடவில்லை. இதில் யாருக்குத்தான் குழப்பம் வராது?

நான் அப்போது சூரியப் பலகை மாட்டும் ஒரு சப்-கான்ட்ராக்ட் கம்பெனியில் சைட் இன்ஜினியர். பேர் பெரிசு, சம்பளம் சிறிசு. மூன்று வருடம் தென்மாவட்டங்களின் அரசு மொட்டைமாடிகளில் ஏறி இறங்கியிருக்கிறேன். தாலுகா அலுவலகம், யூனியன் ஆபீஸ், மேல்நிலைப் பள்ளி, ஒரு கால்நடை மருத்துவமனை. அவருக்கு நான் சொன்ன பதிலை அதற்கு முன்பும் பின்பும் நூறு தடவை சொல்லியிருப்பேன்: "சார், இது கிரிட்டோட சேர்ந்தது. கிரிட் போனா இன்வெர்ட்டர் தானா நின்னுடும். நிக்கலேன்னா, வெளிய கம்பத்துல ஏறி வேலை பார்க்குற லைன்மேனுக்கு ஷாக் அடிச்சிடும்."

சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அந்தப் பாதுகாப்பு ஏற்பாடு அவசியம். ஆனால் இதை ஏன் பலகை மாட்டுவதற்கு முன்னாலேயே யாரும் அவரிடம் சொல்லவில்லை? பேட்டரி வைத்த அமைப்பு வேண்டுமா, வேண்டாமா என்று அந்த அலுவலகத்தை யாராவது கேட்டார்களா? இல்லை. இத்தனை கிலோவாட், இத்தனை கட்டடம், இந்தத் தேதிக்குள் என்று மேலிருந்து ஒரு இலக்கு வந்தது. நாங்கள் மாட்டினோம். புகைப்படம் எடுத்தோம். எம்.புக் எழுதினார்கள். பில் பாஸ் ஆனது.

ஒன்றரை வருடம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது அதே மொட்டைமாடிக்கு ஏறினேன். பலகைகளின் மேல் விரலால் பெயர் எழுதும் அளவுக்குப் புழுதி. நாங்கள் மாட்டிய பிறகு தெற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தார்கள். அதன் நிழல் ஒரு வரிசைப் பலகைகள் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு வரிசையில் ஒரு பலகை நிழலில் மாட்டினாலே அந்த வரிசையின் உற்பத்தி குறைந்துவிடும். இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு. எத்தனை மாதமாக எரிகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பலகைகளுக்கு நடுவே பழைய வேட்டி விரித்து இரவுக்காவலர் மிளகாய் வத்தல் காயவைத்திருந்தார்.

"என்னண்ணே இது?" என்றேன்.

"வத்தலாச்சும் காயுதே தம்பி" என்றார்.

அந்த வாக்கியத்தை என்னால் மறக்க முடியவில்லை. தமிழ்நாட்டு அரசின் சூரிய ஆற்றல் கொள்கைக்கு இவ்வளவு சுருக்கமான விமர்சனத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

கீழே இறங்கி வந்தேன். வராந்தா என்று சொல்லும்படி எதுவும் இல்லாத புதிய கட்டடம் அது. பட்டா மாற்றத்துக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் வந்தவர்கள் வாசலுக்கு வெளியே, தகரம் போட்ட சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார்கள். எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளின் நிழலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே, பத்துப்பேர் வேலை செய்யும் கூடத்தில் நான்கு ஃபேன், அதில் ஒன்று சுற்றவில்லை. அதற்கும் உள்ளே, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், அதிகாரியின் அறை. ஏசியின் சின்னத் திரையில் 18 என்று பச்சை எண். அறையில் ஆள் இல்லை. கலெக்டர் ஆபீஸ் மீட்டிங் போயிருக்கிறாராம்.

இந்தக் கட்டுரை அந்த எண்ணைப் பற்றியதுதான். அரசு அலுவலகக் கூரைகளில் சூரியன் ஏறிக்கொண்டே இருக்கிறான். கூரைக்குக் கீழே எதுவும் மாறவில்லை. கூரைக்குக் கீழே எதையும் மாற்றாமல் மேலே பலகை மாட்டுவதற்குப் பசுமை என்று பெயர் வைப்பது ஒரு ஏமாற்று என்பது என் தரப்பு. அதற்கான கணக்கைச் சொல்கிறேன்.

2

கணக்கு என்றதும் தாவிப் போய்விடாதீர்கள். எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

ஒரு கிலோவாட் சூரியப் பலகைக்கு ஏறத்தாழ நூறு சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். நம் ஊர் வெயிலில் அது நாளுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். இப்போது பத்து மாடி அரசுக் கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாடி பத்தாயிரம் சதுர அடி. கூரை முழுவதையும் பலகையால் மூட முடியாது. தொட்டி, லிஃப்ட் அறை, நடக்க வழி எல்லாம் போக அறுபது கிலோவாட் மாட்டலாம். நாளுக்கு 240 யூனிட். வருடத்துக்கு ஏறக்குறைய 87,000 யூனிட்.

அதே கட்டடம் முழுக்க ஏசி போட்டது என்றால் எவ்வளவு தின்னும்? சதுர மீட்டருக்கு வருடம் 100 யூனிட் என்று கஞ்சத்தனமாகவே வைத்துக்கொள்வோம். பத்து மாடிக்கும் சேர்த்து ஏறத்தாழ 9,300 சதுர மீட்டர். அதாவது ஒன்பது லட்சத்துக்கு மேல் யூனிட். கூரை முழுக்க சூரியனை மாட்டினாலும் தேவையில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

இப்போது இன்னொரு கணக்கு. ஏசியின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் அதன் மின்செலவு ஏறத்தாழ 6 சதவீதம் குறையும் என்று மத்திய அரசின் எரிசக்திச் சிக்கனச் செயலகம், அதாவது பி.இ.இ., பல வருடமாகச் சொல்லிவருகிறது. 18-லிருந்து 24-க்கு ஆறு தட்டு தட்டினால் ஏசிச் செலவில் கால்வாசிக்கு மேல் மிச்சம். கட்டடத்தின் மின்செலவில் பாதி ஏசிக்குப் போகிறது என்று வைத்தாலே, அந்தச் சேமிப்பு மொட்டைமாடிப் பலகைகள் அத்தனையும் தருவதைத் தாண்டிவிடும். செலவு? ரிமோட்டுக்கு இரண்டு பேட்டரி.

2020 ஜனவரி 1 முதல் இந்தியாவில் நட்சத்திரக் குறியீட்டுடன் விற்கும் அறை ஏசிகள் எல்லாம், போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்கும்படி தயாரிக்கப்பட வேண்டும் என்று விதி இருக்கிறது. விதி தொடங்குவதைத்தான் கட்டுப்படுத்தும். அதற்குப் பிறகு விரல் இருக்கிறது. அந்த விரலுக்குப் பதவி இருக்கிறது. நம் அலுவலகங்களில் வெப்பநிலை என்பது வானிலை சம்பந்தப்பட்டதல்ல, அந்தஸ்து சம்பந்தப்பட்டது. பியூனுக்கு ஜன்னல், கிளார்க்குக்கு ஃபேன், அதிகாரிக்கு 18. பொதுமக்களுக்கு? வேப்பமரம். அதையும் கார் நிறுத்த வெட்டிவிட்டார்கள்.

ஃபேனுக்கு வருவோம். சாதாரண மின்விசிறி 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த புதிய விசிறி அதே காற்றை 30 வாட் அளவில் தருகிறது. இருநூறு விசிறி உள்ள ஒரு கலெக்டர் அலுவலக வளாகத்தில், நாளுக்கு எட்டு மணி நேரம், வருடம் 250 நாள் ஓடினால் பழைய விசிறிக்கு 30,000 யூனிட். புதியதற்கு 12,000. மிச்சம் 18,000. நாளுக்கு நான்கு யூனிட் தரும் சூரியப் பலகையால் அதே 18,000 யூனிட்டைப் பெற 12 கிலோவாட்டுக்கு மேல் மாட்ட வேண்டும், அதைக் கழுவ வேண்டும், காக்கா எச்சத்தைத் துடைக்க வேண்டும், இன்வெர்ட்டர் போனால் ஆள் கூப்பிட வேண்டும். ஃபேனுக்கு எதுவும் வேண்டாம். ஏற்கெனவே இருக்கிற கொக்கியில் மாட்டினால் போதும்.

ஆனால் ஃபேனைத் திறந்துவைக்க அமைச்சர் வரமாட்டார். ரிப்பன் கட்ட இடமில்லை.

3

"அரசிடம் பணம் இல்லை" என்பார்கள். நான் நம்பமாட்டேன். பணம் இருக்கிறது, அது தப்பான பாக்கெட்டில் இருக்கிறது.

ஒரு அலுவலகத்தில் ஃபேன் வாங்குபவர் ஒருவர், கரண்ட் பில் கட்டுபவர் இன்னொருவர், வெயிலில் வேகிறவர் மூன்றாமவர். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதே இல்லை. வாங்குபவருக்கு டெண்டர் விதி. 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் ஊழலைத் தடுக்க வந்த நல்ல சட்டம்தான். ஆனால் நடைமுறையில் அது ஒற்றை எழுத்தாகவும் ஒற்றை எண்ணாகவும் சுருங்கிவிட்டது: எல்-1. யார் குறைந்த விலை போட்டாரோ அவருக்கு. 1,500 ரூபாய் ஃபேனும் 3,000 ரூபாய் ஃபேனும் வந்தால் 1,500-தான் ஜெயிக்கும். பத்து வருடத்தில் அந்த மலிவு ஃபேன் எத்தனை ஆயிரம் ரூபாய் மின்சாரத்தைக் கூடுதலாகக் குடிக்கும் என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. கஷ்டப்பட்டு யாராவது அதிகாரி கூடுதல் விலைக்கு நல்லதை வாங்கினால், மூன்று வருடம் கழித்துத் தணிக்கைக்காரர் கேட்பார்: "ஏன் அதிக விலை?" பதில் சொல்லி மாளாது. அந்த அதிகாரியின் இடத்தில் நான் இருந்தாலும் மலிவு ஃபேனைத்தான் வாங்கியிருப்பேன்.

சரி, மின்சாரத்தைச் சேமித்தால் என்ன ஆகும்? இந்த வருடம் ஒரு லட்சம் குறைவாகச் செலவழித்த அலுவலகத்துக்கு அடுத்த வருடம் ஒதுக்கீட்டில் ஒரு லட்சம் குறைப்பார்கள். மிச்சம் பிடித்ததற்கான பரிசு அதுதான். இதற்குப் பேசாமல் 18-லேயே வைத்துவிடலாம்.

நான் ஒருமுறை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஓர் அலுவலகத்தின் மூன்று வருட மின்நுகர்வைக் கேட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினேன். பதில் வந்தது. "தாங்கள் கோரிய தகவல் இவ்வலுவலகத்தில் இல்லை. மின்கட்டணம் வேறு அலுவலகத்தால் செலுத்தப்படுகிறது." அந்த வேறு அலுவலகத்துக்கு அனுப்பினேன். வளாகம் முழுவதற்கும் ஒரே மீட்டர்தானாம், தனித்தனியாகச் சொல்ல இயலாதாம். ஆக, தான் எவ்வளவு மின்சாரம் தின்கிறோம் என்று அந்த அலுவலகத்துக்கே தெரியாது. எடை பார்க்காமலே டயட்டில் இருப்பவரைப் பார்த்திருக்கிறீர்களா? அதேதான்.

வழி இல்லாமல் இல்லை. 2009-இல் என்.டி.பி.சி. உள்ளிட்ட நான்கு மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து இ.இ.எஸ்.எல். என்ற நிறுவனத்தைத் தொடங்கின. முதலீட்டை அவர்கள் போடுவார்கள். சேமிப்பிலிருந்து தவணையாக எடுத்துக்கொள்வார்கள். அதே நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்ததில், 2014-இல் 310 ரூபாயாக இருந்த எல்.இ.டி. பல்பின் கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாய்க்கு வந்தது. அரசு கூட்டமாகப் போய் வாங்கினால் சந்தையே குனிகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? நம் வீட்டில் இன்று எரிகிற பல்ப் மலிவாக இருப்பதில் அந்தக் கொள்முதலுக்குப் பெரிய பங்கு உண்டு. பல்புக்கு முடிந்தது ஃபேனுக்கு முடியாதா? கூரைப் பூச்சுக்கு முடியாதா?

சட்டமும் இருக்கிறது. 2001-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம், 2007-இல் கட்டடங்களுக்கான எரிசக்தி விதித்தொகுப்பு, 2017-இல் அதன் திருத்திய வடிவம். ஆனால் அது 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் இணைப்புச் சுமை உள்ள வணிகக் கட்டடங்களுக்குத்தான். நான் படித்த அரசு மேல்நிலைப் பள்ளியில் வகுப்புக்கு ஒரு ட்யூப்லைட், ஒரு ஃபேன். மொத்தப் பள்ளியும் சேர்ந்தால்கூட அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வராது. அதாவது, சட்டத்தின் கண்ணுக்கு என் பள்ளி ஒரு கட்டடமே இல்லை. 2022 திருத்தத்தில் மாநிலங்கள் இந்த வரம்பைக் குறைத்துக்கொள்ள வழி திறந்துவிட்டார்கள். கதவு திறந்திருக்கிறது. யார் உள்ளே போவது?

4

இந்த இடத்தில் ஒரு நண்பர் வழக்கமாகக் குறுக்கிடுவார். "அதான் சொல்றேன், பழைய கட்டடங்களப் பாரு. நம்ம முன்னோர்கள்..."

நிறுத்துங்க தோழர். முன்னோர் புராணத்தை நானும் கேட்டிருக்கிறேன். அதில் பாதி உண்மை. சென்னையின் பழைய அரசுக் கட்டடங்களில் தடித்த சுவர், உயரமான கூரை, சுற்றிலும் வராந்தா, மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புக் கலவை போட்டு எழுப்பிய தளம். அந்த அறைகளில் மதியம் போய் நின்றால் தோல் சொல்லும் வித்தியாசத்தை. சேப்பாக்கம் கலஸ் மஹால் 2012 தீவிபத்தில் எரிந்து, பிறகு மீட்கப்பட்டு, இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கேதான் நடக்கிறது. பசுமைத் தீர்ப்பாயத்துக்கு அதைவிடப் பொருத்தமான கூரை கிடைக்காது.

ஆனால் அந்தக் குளிர்ச்சி யாருக்காகக் கட்டப்பட்டது? நவாபுக்கும் துரைக்கும். அவர்களுக்கு மேலே பங்கா ஆடியது; கயிற்றின் மறுமுனையை இழுத்தவர் வெளியே உட்கார்ந்திருந்தார். இன்றைய கண்ணாடிக் கதவும் அன்றைய பங்காக் கயிறும் ஒரே வம்சம்தான். ஆகவே எனக்கு ஏக்கம் வேண்டாம். அந்தத் தொழில்நுட்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, யாருக்குக் குளிர் என்ற கேள்வியைத் திருப்பிப்போட வேண்டும்.

செய்தவர் இருக்கிறார். எழுபதுகளில் திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தைக் கட்டிய லாரி பேக்கர், ஜன்னலுக்குப் பதில் செங்கல்லில் ஓட்டைவிட்டு ஜாலிச் சுவர் வைத்தார். காற்று வருகிறது, கண்கூச்சம் இல்லை, செலவும் குறைவு. அது பணக்காரன் பங்களா இல்லை, ஒரு பொது நிறுவனம். தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக் கொள்கை என்றே ஒன்றை அறிவித்து அரசுக் கட்டடங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. பெரிய விஞ்ஞானம் ஒன்றும் கிடையாது. கூரையில் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு. கோடைக்கு முன்னால் கைப்பிடிச் சுவர்வரை சுண்ணாம்பு அடித்த நம் தாத்தாவுக்குத் தெரிந்த விஷயம். கீழே இருப்பவருக்கு இரண்டு மூன்று டிகிரி குறைந்தாலே உட்கார முடியும், எழுத முடியும், எரிந்து விழாமல் பதில் சொல்ல முடியும்.

கடைசி விஷயம் சாதாரணமானதல்ல. நாற்பது டிகிரி கூடத்தில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கும் கிளார்க் மூன்று மணிக்கு உங்களிடம் சிடுசிடுப்பதற்குக் காரணம் எப்போதும் லஞ்சம் மட்டுமல்ல. அவர் முதுகில் வியர்வை ஓடுகிறது. நம் சிறுகதைகளில் அரசு ஊழியர் சிடுமூஞ்சியாகவே வருகிறார். அவர் தலைக்கு மேல் இருக்கும் கான்கிரீட் தளத்தை யாரும் எழுதவில்லை.

5

பசுமைக் கட்டடம் என்றால் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வரவேண்டியது ஓமந்தூரார் வளாகம். 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்த புதிய சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகம். ஜெர்மன் கட்டடக்கலை நிறுவனத்தின் வடிவமைப்பு. பசுமைக் கட்டடத்துக்கான லீட் தங்கத் தரம். திறப்பு விழாவுக்குள் கூரைக் கோபுரம் முடியாததால், சினிமாக் கலை இயக்குநரை வைத்து செட் போட்டு, கோபுரம் இருப்பதுபோலக் காட்டினார்கள். அடுத்த வருடம் ஆட்சி மாறியது. செயலகம் கோட்டைக்கே திரும்பியது. 2014-இல் அந்தக் கட்டடம் உயர் சிறப்பு மருத்துவமனை ஆனது.

மருத்துவமனை ஆனதில் எனக்கு வருத்தம் இல்லை. ஏழைகள் அங்கே பிழைத்து வந்திருக்கிறார்கள். எந்தச் சட்டமன்றத்தைவிடவும் அது நல்ல பயன்பாடு. என் கேள்வி வேறு. சட்டமன்றத்துக்கும் அலுவலகத்துக்கும் என்று கணக்குப் போட்டு வாங்கிய பசுமைத் தரம், இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும் அறுவை அரங்குகளுக்கு என்ன பொருள் தரும்? சான்றிதழ் வரைபடத்துக்குக் கிடைக்கிறது. மின்சாரம் தினமும் செலவாகிறது. இரண்டுக்கும் நடுவில் ஆட்சி மாற்றம் இருக்கிறது, செட் கோபுரமும் இருக்கிறது.

இது நம் ஊர் வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1979 ஜூனில் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் வெள்ளை மாளிகைக் கூரையில் தண்ணீர் சுடவைக்கும் 32 சூரியப் பலகைகளை மாட்டினார். 1986-இல், ரீகன் காலத்தில், கூரை ரிப்பேர் என்று கழற்றினார்கள். திரும்ப மாட்டவில்லை. 2021 டிசம்பரில் பைடன், 2045-க்குள் மத்திய அரசுக் கட்டடங்கள் அனைத்தின் கரிம உமிழ்வையும் நிகரப் பூஜ்யமாக்க உத்தரவு போட்டார். 2025 ஜனவரி 20, பதவியேற்ற முதல் நாளே டிரம்ப் அதை ரத்து செய்தார். கூரையில் மாட்டியதைக் கழற்றலாம். காகிதத்தில் போட்டதைக் கிழிக்கலாம். சுவரின் தடிமனை எந்தக் கட்சியும் வந்து கழற்ற முடியாது. வராந்தாவை ரத்து செய்ய அரசாணை கிடையாது. கூரைக்குக் கீழே இருப்பதை முதலில் மாற்று என்று நான் கத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

6

அப்படியானால் சூரியனே வேண்டாமா? வேண்டும். நான் மாட்டிய பலகைகள் மேல் எனக்குப் பாசம் உண்டு. ஆனால் வரிசை முக்கியம்.

டெல்லியில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் இந்திரா பர்யாவரன் பவன், 2014-இல் திறந்தது. கட்டியது எந்த வெளிநாட்டு நிறுவனமும் அல்ல, நாம் கிண்டலடிக்கிற மத்தியப் பொதுப்பணித் துறை. நடுவில் முற்றம் விட்டு, பகல் வெளிச்சத்தை உள்ளே கொண்டுவந்து, தேவையை முதலில் குறைத்தார்கள். அதன் பிறகு 930 கிலோவாட் பலகை. கூரை போதாமல் அதன் விளிம்பைத் தாண்டி நீட்டினார்கள். அந்த நீட்டலே கீழே நிழலாகவும் ஆனது. முதலில் பசியைக் குறை, பிறகு சமை.

சத்தீஸ்கரில் மாநில அரசின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமையான கிரெடா, ஐநூறுக்கும் மேற்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களில் பேட்டரியோடு கூடிய சிறிய சூரிய அமைப்புகளை வைத்தது. சிறியது என்றால் இரண்டு கிலோவாட் அளவு. கரண்ட் போனாலும் பிரசவ அறையில் விளக்கு எரிய வேண்டும், தடுப்பூசிப் பெட்டி குளிர்ந்திருக்க வேண்டும். யாருக்காக, எதற்காக என்று தெரிந்து மாட்டியது. மாட்டியதோடு கைகழுவாமல் பராமரிப்பையும் தானே ஏற்றுக்கொண்டது. இருபது கிலோவாட் மாட்டியும் மின்வெட்டில் வியர்த்த என் தாலுகா அலுவலகத்தை இதோடு வைத்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கட்டும் பில் ஊராட்சியைத் தின்றுகொண்டிருந்தது. முதலில் செலவைக் குறைக்கப் பார்த்தார்கள். பிறகு 2006-இல், கையிருப்போடு வங்கிக் கடனும் சேர்த்து, ஏறத்தாழ ஒன்றரைக் கோடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கினார்கள். தங்கள் தேவை போக மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கே விற்றார்கள். எந்த அமைச்சரின் இலக்கும் அவர்களை விரட்டவில்லை. பில் அவர்கள் கையில் இருந்தது, அவ்வளவுதான். பில் கட்டுகிறவரும் முடிவெடுக்கிறவரும் பயனடைகிறவரும் ஒரே இடத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓடந்துறை சாட்சி. இத்தனை வருடத்தில் எத்தனை ஊராட்சிகள் ஓடந்துறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கும்?

7

கடைசியாக, இதைப் படிக்கிற உங்களிடம்.

நமக்கு மின்சாரம் என்றால் பெரிய விஷயங்கள்தான் கண்ணில் படும். கூடங்குளம், காற்றாலைக் கம்பெனிகள், கமுதியின் சூரியப் பண்ணை. எழுத வேண்டியவைதான். ஆனால் அரசு அலுவலகக் கூடத்தின் ஃபேன் நமக்கு அரசியலாகத் தெரிவதில்லை. "இதெல்லாம் பி.டபிள்யூ.டி. வேலைங்க" என்று ஒதுங்கிவிடுகிறோம். நம் தலைமுறை ஜாதிச் சான்றிதழையே செல்போனில் வாங்கிக்கொள்கிறது. அந்தக் கூடத்தில் இப்போது நிற்பவர்கள் ஓடிபி வராதவர்கள், ரேகை விழாதவர்கள், ஆதாரில் பெயர் தப்பாக இருப்பவர்கள். வெயில் அவர்களுக்கு.

2024-இல் அறிவித்த பிரதமரின் சூர்யகர் திட்டத்தோடு, மத்திய அரசுக் கட்டடங்கள் எல்லாவற்றின் கூரைக்கும் 2025-க்குள் சூரியன் என்று இலக்கு வைத்தார்கள். அதற்கு முன்னால் 2022-க்குள் நாடு முழுதும் 40,000 மெகாவாட் கூரைச் சூரியன் என்று ஒரு இலக்கு இருந்தது, எட்டவில்லை. இலக்குகள் கிலோவாட்டில் வரும். கிலோவாட் என்பது எவ்வளவு மாட்டினோம் என்ற கணக்கு. எவ்வளவு யூனிட் வந்தது, எவ்வளவு யூனிட் மிச்சமானது என்று யாரும் இலக்கு வைப்பதில்லை. அதனால்தான் வத்தல் காய்கிறது.

என் கோரிக்கை சின்னது. ஒவ்வொரு அரசு அலுவலகத்துக்கும் தனி மீட்டர். வாசலில் ஒரு கரும்பலகை. அதில் மாதாமாதம் மூன்று எண்: இந்த மாதம் செலவான யூனிட், கூரையிலிருந்து வந்த யூனிட், போன வருடம் இதே மாதம் எவ்வளவு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காவது பிரிவு, கேட்காமலேயே தகவலை வெளியிடச் சொல்கிறது. இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. அடுத்தது, டெண்டர் படிவத்தில் ஒரு கட்டம்: பத்து வருட மின்செலவு. அதையும் சேர்த்து எல்-1 பாருங்கள். சேமித்த அலுவலகத்துக்குச் சேமிப்பில் பாதியைத் திருப்பிக் கொடுங்கள். தண்ணீர்ப்பானை வாங்கட்டும், பெஞ்ச் வாங்கட்டும். பலகை மாட்டும் ஒப்பந்தத்தில் ஐந்து வருடம் கழுவித் துடைப்பதையும் சேருங்கள், யூனிட் வந்தால்தான் பணம் என்று எழுதுங்கள். இதற்கெல்லாம் முன்னால், காத்திருப்பவர் நிற்கும் இடத்துக்கு ஒரு நல்ல நிழல். வெள்ளையடித்த கூரை, இரண்டு ஃபேன், ஒரு பெஞ்ச். பசுமை என்ற சொல்லை அதற்கப்புறம் உச்சரியுங்கள்.

நான் அந்த வேலையை விட்டு நாலு வருடம் ஆகிறது. போன ஏப்ரலில் அப்பாவின் வாரிசுச் சான்றிதழில் ஒரு எழுத்துப்பிழை திருத்த, அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர் தாலுகா அலுவலகம் போனேன். வேறு தாலுகா, வேறு கட்டடம். அதே தகர ஷெட். அம்மாவுக்கு ரத்தஅழுத்தம். அரை மணியில் முகம் வெளிறிவிட்டது. உள்ளே உட்காரவைக்கலாமா என்று கேட்டேன். "வெளிய வெயிட் பண்ணுங்க சார், கூப்பிடுவோம்" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அண்ணாந்து பார்த்தேன். கூரை விளிம்பில் நீலப் பலகைகள் வரிசையாகத் தெரிந்தன. மாட்டியவன் ஒழுங்காகத்தான் மாட்டியிருந்தான். சாய்மானம் சரியாக இருந்தது.

அம்மா கேட்டது: "இதத்தான நீயும் மாட்டிக்கிட்டு இருந்த? இது என்னத்துக்குடா?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் பத்து ரூபாய்தான். அந்த அலுவலகத்துக்கும் ஒரு மனு அனுப்பியிருக்கிறேன். உங்கள் ஊரிலும் ஒரு தாலுகா அலுவலகம் இருக்கும்.